ஊதா வந்தாலும் மதிப்பெண் போடுங்கள்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் செய்முறைப் பாடம் வகுக்கும் குழுவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 29 வருடம் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியன் நான். பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானே என்று வீட்டில் கேட்கிறார்கள், இருக்கலாம்தான், ஆனால் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இத்தனை வருடமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், கேட்க வேண்டியதை அப்புறம் கேட்கிறேன்.

பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்குவதற்கு நடுவில் ஒரு வாரம் சும்மா கிடந்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்து, சரி, ஆஸ்பிரின் தயாரிக்கலாம் என்று முடிவு செய்தேன். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை. சாலிசிலிக் அமிலம் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. அசிட்டிக் அமில நீரிலி என்று பாடநூல் சொல்கிற, லேபில் எல்லோரும் அன்ஹைட்ரைடு என்றே சொல்கிற அந்தத் திரவத்தை ஒரு கல்லூரி நண்பர் 50 மில்லி போல அளந்து கொடுத்தார். (அதை அப்படிக் கை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. கீழே வருகிறேன்.) எட்டு ஜோடிகள். வெள்ளை வெள்ளையாகப் படிகம் இறங்கியதும் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாயங்காலம் பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று நின்றார்கள்.

மறுநாள் தூய்மை பார்த்தோம். 0.25 கிராம் படிகத்தை ஆல்கஹாலில் கரைத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை பியூரெட்டில் வைத்து, பீனாப்தலீன் நிறங்காட்டி போட்டுத் தரம்பார்ப்பு, அதாவது படிகத்தில் இருக்கும் அமிலத்தை முறிக்க எத்தனை மில்லி காரம் பிடிக்கிறது என்று அளப்பது. சுத்தமான ஆஸ்பிரினாக இருந்தால் 13.9 மில்லி பிடிக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு 14.1 வந்தது. கணக்குப் போட்டாள், 101.6 சதவீதம். என்னிடம் வந்து, "நூத்துக்கு மேல எப்படி சார் வரும்?" என்று கேட்டாள். நான் வேறு ஜோடியின் பியூரெட்டைப் பார்த்துக்கொண்டே, "ரவுண்ட் பண்ணி நூறுன்னு எழுதிடும்மா" என்றேன்.

எழுதிவிட்டாள். அவளுடைய படிகத்தில் ஃபெர்ரிக் குளோரைடு விட்டால் நல்ல ஊதா, அதாவது ஆஸ்பிரினாக மாறாத சாலிசிலிக் அமிலம் மிச்சமிருந்தால் காட்டும் நிறம், வந்திருக்கலாம் என்பது எனக்கு அன்று இரவு சாப்பிடும்போதுதான் உறைத்தது.

நம் செய்முறைத் தேர்வு எப்படி நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பருமனறி பகுப்பாய்வு, அதாவது தரம்பார்ப்பு, அப்புறம் ஒரு கரிமச் சேர்மத்தைக் கண்டறிவது. நான் வேலை பார்த்த பள்ளிகளில் பியூரெட் அளவு என்ன வரும் என்பது காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கும், கரிமச் சேர்மத்தை வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டு ரெக்கார்டில் இருக்கும் சோதனைகளை மனப்பாடமாக எழுதிவிடுவார்கள், புறத்தேர்வாளரும் அப்படிப் படித்து வந்தவர்தான், நானும்தான். விடை முன்கூட்டியே தெரிந்த சோதனையை எத்தனை முறை செய்தாலும் அதிலிருந்து பிள்ளைக்கு எதுவும் கிடைப்பதில்லை. தன் கையால் ஒரு பொருளைச் செய்து, செய்தது உண்மையிலேயே அதுதானா, எவ்வளவு சுத்தம் என்று தானே சந்தேகப்பட்டுப் பார்க்கும் வேலை நம் மேல்நிலை வகுப்பில் எங்கேயும் இல்லை. என்சிஇஆர்டி செய்முறைக் கையேட்டில் அசிட்டனிலைடு தயாரிப்பு இருக்கிறது. பிரிட்டனில் ஏ லெவல் (நம் பிளஸ் டூ மாதிரி) பிள்ளைகள் ஒரு திண்மத்தைத் தயாரித்து அதன் தூய்மையைச் சோதிப்பது கட்டாயச் செய்முறையாகவே இருக்கிறது, அதற்குப் பல பள்ளிகளில் எடுத்துக்கொள்வது ஆஸ்பிரினைத்தான். அவர்களைப் பார்த்துச் செய்யச் சொல்லவில்லை. நம் பாடநூலில் ஆஸ்பிரின் வலிநிவாரணி என்று ஒரு வரி வருகிறது, அந்த வரியை லேபுக்குள் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆனால் இப்படியே கொண்டுவந்தால் நானே முதல் ஆளாக எதிர்ப்பேன். காரணம் அந்த வாரத்தில் நடந்த இன்னொரு விஷயம்.

வினை முடிந்ததும் மிச்சமிருக்கும் அன்ஹைட்ரைடை அழிக்கத் தண்ணீர் விட வேண்டும். சொட்டுச் சொட்டாக, ஒரு மில்லி அளவுக்கு, அது அடங்கிய பிறகுதான் மீதித் தண்ணீர். இதை நான் கரும்பலகையில் எழுதியிருந்தேன், வாயாலும் சொன்னேன். ஒரு பையன் குளிர்ந்த தண்ணீர் இருந்த பீக்கரை அப்படியே சூடான கூம்புக்குடுவைக்குள் கவிழ்த்தான். சுர்ரென்று பொங்கி வெளியே அடித்தது. அவன் கழுத்திலும் மணிக்கட்டிலும் பட்டது, ஓடிப்போய்க் குழாயில் பத்து நிமிடத்துக்கு மேல் காட்டச் சொன்னேன், இரண்டு மூன்று நாள் சிவந்து கிடந்து ஆறிவிட்டது. கண்ணில் படவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி அந்த லேபில் ஒன்றுகூட இல்லை, எனவே கண்ணில் படாதது என் திறமை இல்லை, அவன் அதிர்ஷ்டம். பவர் கண்ணாடி போட்டிருந்தால் போதாதா என்று கேட்கும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். போதாது, பக்கவாட்டில் திறந்திருக்கிறது.

அவனை நான் குறை சொல்லவே மாட்டேன். தண்ணீர் என்றால் பயமில்லாத பொருள், அமிலம் பட்டால்கூடத் தண்ணீர்தானே ஊற்றச் சொல்கிறோம், அதே தண்ணீர் இங்கே பொங்கும் என்பது ஒரு பிள்ளைக்கு இயல்பாகத் தோன்றாது. செய்முறையின் அளவும் அமைப்பும் அந்தத் தவறைத் தாங்குகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். நான் கல்லூரிக் கையேட்டில் இருந்த அளவை அப்படியே எடுத்துக்கொண்டேன், அதுதான் பிழை.

அதனால் பாடத்தில் சேர்ப்பதானால் அளவைக் குறையுங்கள். ஒரு ஜோடிக்கு 1 கிராம் சாலிசிலிக் அமிலமும் 2 மில்லி அன்ஹைட்ரைடும் தாராளமாகப் போதும். மோல் கணக்கில் பார்த்தால் அன்ஹைட்ரைடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருக்கும், வினைக்குக் குறைவராது. முழுவதும் மாறினால் 1.30 கிராம் ஆஸ்பிரின் வர வேண்டும், பிள்ளைகள் கையில் 0.8 கிராம் வந்தாலே நல்ல வேலை. இருபது ஜோடிக்கும் சேர்த்து 40 மில்லிதான் செலவு. அந்தத் திரவப் பாட்டிலை எக்காரணம் கொண்டும் பிள்ளைகள் மேசைக்கு அனுப்பாதீர்கள், ஜன்னலோரம் ஆசிரியர் நின்று, உலர்ந்த பிப்பெட்டில் ரப்பர் பல்பு வைத்து, உலர்ந்த குடுவைகளில் ஒவ்வொன்றாக விட வேண்டும். வாயால் உறிஞ்சுகிற பழக்கம் இன்னும் சாகவில்லை, அதை இங்கே யாராவது செய்தால் என்ன ஆகும் என்று எழுதவே கை வரவில்லை. அதன் ஆவி கண்ணில் நீர் வரவைக்கும், தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு எரியும்.

வினையூக்கியாக அடர் கந்தக அமிலத்துக்குப் பதில் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் இரண்டு சொட்டு. கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், ஆனால் கையைக் கரியாக்காது. அப்புறம் ஸ்பிரிட் விளக்கு, பன்சன் அடுப்பு எதுவும் அந்த நேரத்தில் லேபில் எரியவே கூடாது. அன்ஹைட்ரைடின் தீப்பற்றுநிலை 49 டிகிரி, நாம் குடுவையைச் சூடாக்குவது அதற்கும் மேலே. மின்கெண்டியில் தண்ணீர் காய வைத்து, பீக்கரில் பச்சைத்தண்ணீரோடு கலந்து 70 டிகிரி பக்கம் கொண்டுவந்து, அதில் குடுவையைக் கால் மணி நேரம் நிறுத்தினால் முடிந்தது. சூட்டை ஏற்றிவிட்டால் பிசுபிசுவென்று ஒரு பிசின் சேரும், சாலிசிலிக் அமில மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே கோத்துக்கொள்வது அது. சோடியம் பைகார்பனேட் கரைசலில் ஆஸ்பிரின் கரையும், இந்தப் பிசின் கரையாது, எனவே வடிகட்டிப் பிரித்துவிட்டு அமிலம் விட்டு ஆஸ்பிரினைத் திரும்ப எடுக்கலாம். நேரம் இருந்தால் அதையும் செய்யச் சொல்லலாம், இல்லாவிட்டால் பாதகமில்லை.

தண்ணீர் விடும் கட்டத்துக்கு ஜோடிக்கு ஒரு சொட்டுக்குழல் மட்டும் கொடுங்கள், பீக்கரே மேசையில் இருக்கக் கூடாது. பிள்ளையின் கவனத்தை நம்பி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். கண்ணாடி இல்லாத பள்ளிக்கு இந்தச் சோதனையை அனுப்பாதீர்கள், இதில் பேச்சே வேண்டாம். துப்பட்டாவை முடிச்சிட்டுப் பின்னால் போடுவது, கூந்தலைக் கட்டுவது எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய விஷயம்தான். கடைசியில் வடிநீரில் ஆப்பசோடாவைத் தூவி நுரை அடங்கியதும் தண்ணீரோடு சேர்த்து வெளியேற்றிவிடலாம்.

இனி அந்தத் திரவத்தைப் பள்ளி எப்படி வாங்கும் என்ற கேள்வி. அசிட்டிக் அன்ஹைட்ரைடு போதைப்பொருள் தயாரிப்புக்குத் திருப்பிவிடப்படும் ரசாயனம் என்பதால் 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். 2013-ல் வந்த ஒழுங்குமுறை ஆணையின் முதல் பட்டியலிலேயே அதன் பெயர் இருக்கிறது, வாங்குவது விற்பது கைமாற்றுவது எல்லாவற்றுக்கும் பதிவும் கணக்கும் வேண்டும். தலைமையாசிரியரிடம் போய், "சார், ஒரு பாட்டில் வாங்கணும், போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்துல பதிவு பண்ணணும்" என்று ஒரு வேதியியல் ஆசிரியர் கேட்டால் என்ன பதில் வரும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இதைத் தனிப்பட்ட பள்ளியின் தலையில் கட்டக் கூடாது. மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியின் வேதியியல் துறையை மையமாக வைத்து, சட்டப்படியான கணக்கோடு அங்கேயே வாங்கி, பிள்ளைகளையே அந்த லேபுக்கு ஒருநாள் அழைத்துப்போய்ச் செய்யவைக்கலாம். அங்கே புகைபோக்கிக் கூண்டும் இருக்கும். போக்குவரத்துச் செலவுதான், பஸ் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அதுவும் பெரிதில்லை.

அதுவும் முடியாது என்றால் தயாரிப்பை விட்டுவிடுங்கள், சோதனையை விடாதீர்கள். எனக்கு இரண்டில் ஒன்றைத்தான் தருவேன் என்று யாராவது சொன்னால் நான் சோதனையைத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஏன் என்றால் ஆஸ்பிரினின் கதையே அதுதான். 1853-லேயே பிரான்சில் சார்ல் ஜெரார் அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தைச் செய்துவிட்டார், ஆனால் கலப்படமாக. சுத்தமாக, அலமாரியில் வைத்தால் கெடாத மாதிரி பேயர் கம்பெனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் செய்தது 1897-ல். (அந்தப் பெருமையில் தனக்கும் பங்கு உண்டு என்று அதே கம்பெனியில் இருந்த ஐசன்கிரூன் பின்னால் சொன்னார், அந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை.) 44 வருட இடைவெளி. அதற்குள் என்ன நடந்தது என்று கேட்டால், பொருளைச் செய்வதற்கும் சுத்தமாகச் செய்வதற்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் நடந்தது.

அந்தப் பெண்ணின் 101.6-க்கு வருகிறேன். அமிலக் காரத் தரம்பார்ப்பு எத்தனை அமிலம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எந்த அமிலம் என்று சொல்லாது. சாலிசிலிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 138, ஆஸ்பிரினுடையது 180. ஒரே எடையில் சாலிசிலிக் அமிலம் அதிகக் காரத்தைக் குடிக்கும். எனவே வினைபடாத சாலிசிலிக் அமிலம் 5 சதவீதம் மிச்சமிருந்தாலே விடை நூற்றைத் தாண்டிவிடும், அசுத்தம் அதிகமாக ஆக, தூய்மை கூடிக்கொண்டே போகிற மாதிரி தெரியும்! படிகத்தைச் சரியாகக் கழுவாமல் அசிட்டிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதை, அதில் முக்கால் சதவீதம் போல இருந்தால் போதும். பியூரெட்டை இரண்டு பிரிவு தவறாகப் படித்திருந்தாலும் இதே விடை வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொரு பக்கம் ஈரம் இருந்தால் விடை குறையும். இரண்டும் சேர்ந்தால்தான் வேடிக்கை. 88 சதவீதம் ஆஸ்பிரின், 9.2 சதவீதம் சாலிசிலிக் அமிலம், 2.8 சதவீதம் தண்ணீர் உள்ள ஒரு மாதிரியைத் தரம்பார்த்தால் விடை கச்சிதமாக நூறு வரும். நம் மதிப்பெண் முறையில் அந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண். 101.6 எழுதியவளுக்குக் குறைப்போம். நேர்மையாக 97 எழுதிய பையனுக்கும் குறைப்போம், அவனுடையது கொஞ்சம் காயாத நல்ல ஆஸ்பிரினாகக்கூட இருக்கலாம்.

இதிலிருந்து தப்ப வழி இருக்கிறது, புதிதாக ஒரு கருவியும் வேண்டாம். தரம்பார்ப்பு முடிந்த அதே குடுவையில் இன்னும் 20 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து வெந்நீரில் கால் மணி நேரம் வையுங்கள். ஆஸ்பிரினில் இருக்கும் எஸ்டர், அதாவது சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டைல் பகுதி சேர்ந்திருக்கும் பிணைப்பு, உடைந்து இன்னொரு பங்கு காரத்தைத் தின்னும். மீதியை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பின்தரம்பார்த்தால் அந்த இரண்டாவது பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். சுத்தமான ஆஸ்பிரினில் முதல் பங்கும் இரண்டாம் பங்கும் ஒன்றாக இருக்கும். சாலிசிலிக் அமிலத்தில் எஸ்டர் இல்லை, அது முதல் தரம்பார்ப்பில் மட்டும்தான் கலந்துகொள்ளும். அந்தப் பெண்ணின் மாதிரியில் கலந்திருந்தது சாலிசிலிக் அமிலம்தான் என்றால் முதலில் 14.1, இரண்டாவது 13.1 போல வந்திருக்கும். அந்த ஒரு மில்லி வித்தியாசத்தில் அவள் கேள்விக்குப் பதில் இருந்தது. அதைச் செய்து காட்ட எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

முதல் தரம்பார்ப்பில் ஒரு எச்சரிக்கை. ஆல்கஹால் குளிர்ச்சியாக இருக்கட்டும், சட்டென்று முடிக்க வேண்டும். இளஞ்சிவப்பு வந்து ஒரு நிமிடத்தில் மெல்ல மறைந்தால் பிள்ளைகள் இன்னும் சொட்டு விடுவார்கள், மறுபடி மறையும், மறுபடி விடுவார்கள். எஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாக உடைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முதலில் நின்ற நிறம்தான் கணக்கு.

ஃபெர்ரிக் குளோரைடு சோதனை எல்லோருக்கும் தெரிந்ததே, ஃபீனாலுக்குச் செய்வதுதான். சாலிசிலிக் அமிலத்தில் ஃபீனால் தொகுதி திறந்திருக்கிறது, ஊதா வரும். ஆஸ்பிரினில் அது மூடப்பட்டுவிட்டது, வராது. வந்தது, வரவில்லை என்று எழுதிவிட்டுப் போகாமல், எவ்வளவு வந்தது என்று கேட்கலாமே. 0.1 கிராம் மாதிரியைக் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து 10 மில்லி குளிர்ந்த நீர் சேர்த்து, ஒரு சதவீத ஃபெர்ரிக் குளோரைடு இரண்டு சொட்டு. பக்கத்தில் இதே அளவு நீரில் 0.1, 0.5, 1, 5 மில்லிகிராம் சாலிசிலிக் அமிலம் உள்ள நான்கு குழாய்கள். வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து எந்தக் குழாயோடு நிறம் ஒத்துப்போகிறது என்று பார்த்தால் 0.1 சதவீதமா 5 சதவீதமா என்று கண்ணே சொல்லிவிடும். இதிலும் ஒரு சதி உண்டு, அதை நான் பிற்பாடுதான் கற்றேன். நாம் பாஸ்பாரிக் அமிலம் போடச் சொன்னோமே, அது கழுவப்படாமல் ஒட்டியிருந்தால் பாஸ்பேட் இரும்பைப் பிடித்துக்கொண்டு ஊதாவை மறைத்துவிடும். அழுக்கான மாதிரி சுத்தமான மாதிரி போல நிற்கும். கழுவவும் வேண்டும், நிறையக் கழுவவும் கூடாது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 3 கிராம் ஆஸ்பிரினைக் கரைத்துக்கொள்ளும், 100 மில்லி ஊற்றிக் கழுவினால் 0.3 கிராம் சாக்கடைக்குப் போயிற்று. ஐஸ் தண்ணீர், இரண்டு மூன்று தவணை, ஒவ்வொன்றும் 3 மில்லி. ஐஸ் பள்ளியில் ஏது என்று கேட்காதீர்கள், ஜூஸ் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.

உருகுநிலை பார்ப்பதையும் சேர்க்கலாம், சுத்தமான ஆஸ்பிரின் 135 டிகிரி பக்கத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்குள் உருகிவிடும், கலப்படமானது 120-களிலேயே கசிய ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போகும். ரொம்ப மெதுவாகச் சூடாக்கினால் நல்ல ஆஸ்பிரினே சிதைந்து குறைவாகக் காட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், நம் பள்ளி லேப்களில் கிடக்கும் தெர்மாமீட்டர்களில் நிறைய 110 டிகிரி வரைக்கும்தான். அதைச் சூடான பாரஃபின் எண்ணெயில் விட்டு 135-க்குக் கொண்டுபோனால் பாதரசம் வெடித்து எண்ணெயோடு சேர்ந்து தெறிக்கும். என்னைக் கேட்டால் அன்ஹைட்ரைடைவிட அந்த எண்ணெய்தான் எனக்குப் பயம். உருகுநிலையை ஆசிரியர் ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

தயாரிப்புக்கு வழியில்லாத பள்ளிக்கு மருந்துக்கடை இருக்கிறது. ஆஸ்பிரின் மாத்திரையை நசுக்கி ஆல்கஹாலில் கரைத்து வடிகட்டி இதே சோதனைகளைச் செய்யலாம். மூடியில்லாமல் மழைக்காலத்தில் கிடந்த பழைய மாத்திரையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பழையதில் வினிகர் வாசனை அடிக்கும், ஊதாவும் வரும், ஈரம் எஸ்டரை உடைத்துவிட்டது. நீரில் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம், அதில் இருக்கும் கார்பனேட் தரம்பார்ப்பைக் குழப்பும்.

நான் கோத்தகிரிப் பக்கம் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே தைலக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்திலேயே வின்டர்கிரீன் எண்ணெய் விற்கும், சுளுக்குக்குத் தேய்க்கும் களிம்பின் வாசனை. அந்த மலையில் வளரும் ஒரு புதரின் இலையிலிருந்து எடுப்பது, பெரும்பங்கு மெத்தில் சாலிசிலேட். அதைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு சூடாக்கி, ஆறவிட்டு அமிலம் சேர்த்தால் சாலிசிலிக் அமிலம் வெள்ளையாக இறங்கும். வில்லோ மரப்பட்டையைப் பற்றி எட்வர்ட் ஸ்டோன் 1763-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார் என்றுதான் எல்லாப் புத்தகமும் ஆரம்பிக்கும், நம் பிள்ளை வில்லோவை எங்கே பார்த்தது? இதை ஊட்டி போய்வந்த எல்லோரும் முகர்ந்திருப்பார்கள். அந்த எண்ணெயைக் கையாளும்போது மட்டும் கவனம், ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு உயிராபத்து.

அதைப் போலவே, செய்த ஆஸ்பிரினை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று கையேட்டின் முதல் வரியாக அச்சிடுங்கள். எட்டு ஜோடிகளில் ஒருவன் என்னிடம், "பாட்டிக்குத் தலைவலி, எடுத்துட்டுப் போலாமா சார்?" என்று கேட்டான். பாதி விளையாட்டு, பாதி நிஜம். டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலில் ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும், வைரஸ் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரெய் நோய்க்குறி என்று மூளையையும் ஈரலையும் தாக்கும் அபாயம் இருக்கிறது. இதைச் சொல்வதற்கு இதைவிட நல்ல வகுப்பு அமையாது.

கடைசியாக மதிப்பெண். இத்தனையும் செய்துவிட்டு, விளைச்சல் (வர வேண்டிய எடையில் எவ்வளவு கைக்கு வந்தது என்பது) 80 சதவீதத்துக்கு மேல் என்றால் முழு மதிப்பெண், ஊதா வரவில்லை என்றால் முழு மதிப்பெண் என்று நீங்கள் அட்டவணை போட்டுவிட்டால் எல்லாம் வீண். அடுத்த வருடமே எல்லா ரெக்கார்டிலும் விளைச்சல் 84, எந்தக் குழாயிலும் ஊதா வந்திருக்காது. பிள்ளை என்ன கண்டதோ அதை எழுதியிருக்கிறதா, ஏன் அப்படி வந்தது என்று யோசித்திருக்கிறதா, அதற்குப் போடுங்கள். "கிடைத்தது 0.71 கிராம். ஃபெர்ரிக் குளோரைடில் ஊதா வந்தது, 1 மில்லிகிராம் குழாயைவிடக் கொஞ்சம் அடர்த்தி. தரம்பார்ப்பில் 100.9. சாலிசிலிக் அமிலம் மிச்சமிருக்கலாம், ஒருமுறை மறுபடிகமாக்கியிருக்க வேண்டும்" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதற்கு முழு மதிப்பெண் போடும் அதிகாரத்தைப் புறத்தேர்வாளருக்கு எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் யாரும் போட மாட்டார்கள், நானும் போட்டிருக்க மாட்டேன்.

ஒரு ஜோடிக்கான செய்முறைத் தாளை, நான் மேலே சொன்ன அளவுகளோடு, இரண்டு பக்கத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன், அதில் தப்பு கண்டுபிடித்தால் இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் முதுகலை ஆசிரியர் ஒருவர்

பின்குறிப்பு: தயவுசெய்து இதை நவம்பரில் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் வடிதாளில் பரப்பிய படிகம் மூன்று நாளானாலும் காயாது, ஈரத்தோடு எடை போட்டு விளைச்சல் 110 சதவீதம் என்று இருபது ஜோடியும் வந்து நிற்பார்கள். ஜனவரி பொங்கல் விடுமுறைக்குப் பிறகு சரியாக இருக்கும்.